ஊசி போட்ட ராத்திரி

மெடிக்கல் ஷாப் மேஜையில் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். மூன்றும் குழந்தைகளுக்கான பாராசிட்டமால். மூன்றிலும் இனிப்புச் சுவை, மூன்று அட்டையிலும் சிரிக்கும் குழந்தை. சின்ன பாட்டில் சொட்டு மருந்து. அதில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து. அடுத்தது சாதாரண சிரப், 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. மூன்றாவதும் சிரப்தான், ஆனால் அட்டை ஓரத்தில் 250 என்று போட்டிருக்கும், 5 மி.லி.க்கு 250 மி.கி.

பத்தாவது வார ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எடை 5 கிலோ. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் போடும் கணக்கு. அதன்படி இந்தக் குழந்தைக்கு அதிகபட்சம் 75 மி.கி. சாதாரண சிரப்பில் அது 3 மி.லி., 250 சிரப்பில் ஒன்றரை மி.லி., சொட்டு மருந்தில் முக்கால் மி.லி. மூத்த பிள்ளைக்கு டாக்டர் எப்போதோ சொன்ன "3 மி.லி." என்ற எண் மட்டும் பாட்டியின் ஞாபகத்தில் இருந்து, கையில் இருப்பது சொட்டு மருந்து பாட்டிலாக இருந்தால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது 300 மி.கி. கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு.

யாரும் கவனக்குறைவாக இருந்துவிடவில்லை. காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கும் குழந்தை, அழுகை, நள்ளிரவு, மங்கிய விளக்கு. அந்த நேரத்தில் பாட்டிலில் உள்ள பொடி எழுத்தை யார் படிப்பார்கள்? அமெரிக்காவில் இதே குழப்பம் பல காலம் இருந்தது. 2011-இல் மருந்து கம்பெனிகள் கைக்குழந்தைகளுக்கான திரவ மருந்தையும் பெரிய குழந்தைகளுக்கானதையும் ஒரே அடர்வுக்கு, 5 மி.லி.க்கு 160 மி.கி. என்று கொண்டுவந்தன. நம் கடைகளில் இன்னும் மூன்று அடர்வுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. குழந்தைக்கு எத்தனை மி.லி. என்ற கேள்விக்கு, எந்த பாட்டில் என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

புதன்கிழமை ஊசி

தமிழ்நாட்டில் தடுப்பூசி என்றால் புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அன்று காலை கைக்குழந்தைகளோடு வரிசை நிற்கும். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தொடையில் போடப்படும் ஊசிதான் தாய்மார்களை அதிகம் கலங்க வைப்பது. பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி. இந்தியாவில் இந்த ஊசி முதன்முதலில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில்.

இதில் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் கக்குவான் இருமல் பகுதி. அரசு ஊசியில் கொல்லப்பட்ட முழுக் கிருமி இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் "வலியில்லாத ஊசி" என்று கூடுதல் விலைக்குப் போடப்படுவதில் கிருமியின் சுத்திகரிக்கப்பட்ட சில புரதங்கள் மட்டுமே இருக்கும். காய்ச்சலும் வீக்கமும் அதில் குறைவு என்பது உண்மை. அது தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது என்பதும் உண்மை. காய்ச்சல் வந்தது என்பதற்காக அரசு ஊசியை மட்டமாக நினைக்கும் பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது.

ஊசி உள்ளே போனதும் அந்த இடத்துக்கு நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவருகின்றன. வந்த செல்கள் சில ரசாயனச் செய்திகளை ரத்தத்தில் அனுப்புகின்றன. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் அதன் விளைவாக ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வெப்பநிலை ஏறுகிறது. பாராசிட்டமால் தடுப்பது அந்த ப்ராஸ்டாகிளாண்டினை. வழக்கமாகப் போட்ட அன்று மாலையோ இரவோ காய்ச்சல் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும்.

தானாகப் போகிற காய்ச்சலுக்கு மருந்து எதற்கு? குழந்தை பால் குடிக்காமல், தூங்காமல், வலியில் துடிக்கும்போது அதன் வேதனையைக் குறைக்க. அது போதுமான காரணம். காய்ச்சல் வருவதற்கு முன்பே, "எப்படியும் வரத்தானே போகிறது" என்று ஊசிக்குக் கிளம்பும்போதே கொடுப்பதில்தான் சிக்கல்.

செக் நாட்டிலிருந்து ஒரு அதிர்ச்சி

2009 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. செக் குடியரசின் 10 மையங்களில் 459 கைக்குழந்தைகள். ரோமன் ப்ரிமுலா தலைமையிலான குழு அவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று வேளை பாராசிட்டமால். இன்னொரு பகுதிக்கு அப்படி முன்கூட்டி எதுவும் இல்லை.

காய்ச்சல் குறைந்தது. முதல் தவணைகளின்போது மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதத்துக்குத்தான் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ போனது. கொடுக்கப்படாதவர்களில் 66 சதவீதத்துக்கு. ஆனால் 39.5 டிகிரியைத் தாண்டிய கடும் காய்ச்சல் இரு பக்கத்திலும் அபூர்வம்: மருந்து எடுத்த 226 பேரில் ஒருவர், எடுக்காத 233 பேரில் மூவர். எல்லாப் பெற்றோரும் எதைக் கண்டு பயந்து மருந்து கொடுக்கிறார்களோ, அந்தக் கடும் காய்ச்சல் மருந்து இல்லாமலும் அநேகமாக வரவில்லை.

அடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் ஆய்வாளர்களே எதிர்பாராத முடிவு தெரிந்தது. முன்கூட்டி பாராசிட்டமால் எடுத்த குழந்தைகளின் உடலில் நிமோகாக்கஸ், ஹிப், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமலின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி அளவு குறைவாக இருந்தது. ஊசி வீணாகிவிடவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்புக்குத் தேவையான அளவு இருக்கவே செய்தது. என்றாலும் தேவையில்லாமல் கொடுத்த ஒரு மருந்துக்காக அந்த எதிர்ப்புச் சக்தியில் சிறிதளவாவது விட்டுக்கொடுப்பானேன்? பின்னர் போலந்தில் நடந்த ஆய்வில் ஊசி போட்ட உடனே கொடுத்தால் இந்தப் பாதிப்பு கூடுதலாகவும், 6 முதல் 8 மணி நேரம் கழித்துக் கொடுத்தால் குறைவாகவும் தெரிந்தது. முதல் சில மணி நேரத்தில் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது மருந்து குறுக்கிடுகிறது என்பதே நிபுணர்கள் பலர் தரும் விளக்கம்.

வலியை மட்டுமாவது முன்கூட்டிக் குறைக்கலாமே என்று தோன்றலாம். ஊசி வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, ஊசிக்கு முன் வலி மருந்தை வாய்வழி கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அது சொன்னது தாய்ப்பாலை. ஊசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ குழந்தைக்குப் பால் கொடுப்பது, தாயின் மடியில் பிடித்துக்கொள்வது, பல ஊசிகள் இருந்தால் வலி குறைந்ததை முதலில் போடுவது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னது. நம் வீடுகளில் "கட்டி விழுந்துவிடும், நல்லா தேய்ச்சு விடு" என்பதுதான் வழக்கம், அதை நிறுத்தலாம்.

விதிவிலக்கு ஒன்று

2015 செப்டம்பரில் பிரிட்டன் தன் தேசிய அட்டவணையில் மெனிஞ்சைட்டிஸ் பி தடுப்பூசியைச் சேர்த்தது. மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போட்டால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் கொண்டுவரும் ஊசி இது. இங்கே பிரிட்டன் அரசு தலைகீழாகச் சொன்னது: காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஊசி போட்ட கையோடு 60 மி.கி., பிறகு 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு வேளை. இந்த ஊசியில் முன்கூட்டிக் கொடுத்தாலும் எதிர்ப்புச் சக்தி குறைவதில்லை என்று ஆய்வு காட்டியிருந்தது. அந்த ஆய்வை நடத்தியவரும் அதே ப்ரிமுலாதான்.

ஆகவே லண்டனில் இருக்கும் மகள் தொலைபேசியில், "இங்கே நர்ஸே முன்னாடியே கொடுக்கச் சொல்றாங்கம்மா" என்றால் அவர் சொல்வதும் சரி. அந்த ஊசி இந்திய அரசின் அட்டவணையில் இல்லை. அங்கே ஒரு குறிப்பிட்ட ஊசிக்கான விதியை இங்கே பென்டாவேலன்டுக்குப் பொருத்துவதுதான் தவறு.

கொரோனா காலத்தில் இந்தக் கேள்வி பெரியவர்களுக்கும் வந்தது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி இயக்கம் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு 650 மாத்திரை அட்டை வந்து சேர்ந்தது. கோவிஷீல்டு போட்ட இரவு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலித்தவர்களுக்கு அது கைகொடுத்தது. அந்த ஊசியின் ஆக்ஸ்ஃபோர்டு பரிசோதனையிலேயே ஒரு சிறு குழுவுக்கு பாராசிட்டமால் முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். வலி குறைந்தது, எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. கோவாக்சின் கதை வேறு. 2022 ஜனவரியில் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியபோது, சில மையங்களில் ஆளுக்கு மூன்று 500 மி.கி. மாத்திரைகள் எடுத்துக்கொள்ளச் சொல்வதாக அறிந்த பாரத் பயோடெக் நிறுவனம், கோவாக்சினுக்குப் பிறகு பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ பரிந்துரைக்கப்படவில்லை என்று அறிவித்தது. கேட்காமலே மாத்திரை கொடுப்பது அவ்வளவு ஊறிப்போன பழக்கம்.

ஹைதராபாத், மார்ச் 2019

தடுப்பூசியையும் மாத்திரையையும் பற்றிப் பேசும் எவரும் இதைக் கடந்து போக முடியாது. ஹைதராபாத் நாம்பள்ளியில் உள்ள அரசு சுகாதார மையத்தில் கைக்குழந்தைகளுக்கு பென்டாவேலன்ட் போடப்பட்டது. காய்ச்சல் வந்தால் கொடுக்க வழக்கம்போல் மாத்திரையும் தரப்பட்டது. வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்த பிறகு குழந்தைகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. பல குழந்தைகள் நிலோஃபர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டன. இரண்டு குழந்தைகள் இறந்தன.

முதலில் எல்லார் சந்தேகமும் ஊசி மேல் விழுந்தது. ஆனால் பாராசிட்டமாலுக்குப் பதிலாக டிராமடால் மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியவந்தது. டிராமடால் என்பது அபின் வகையைச் சேர்ந்த, பெரியவர்களின் கடும் வலிக்கான மருந்து. கைக்குழந்தைக்கு அது மூச்சையே அடக்கிவிடும். மாத்திரை அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன என்று செய்திகள் சொல்லின.

இந்தச் சம்பவத்தை நினைத்துத் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெயர் தெரியாமல் கத்தரித்த அட்டைத் துண்டுக்குப் பயப்படலாம். கவரில் மடித்துத் தரும் மாத்திரையில் பெயர் இல்லையென்றால், "இது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்?" என்று நர்ஸிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தடுப்பூசி போடும் செவிலியர் தாயிடம் நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும் என்பது அரசின் விதி: என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்த தவணை எப்போது; அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது விஷயத்துக்குள்தான் மாத்திரையின் பெயரும் அளவும் வருகின்றன. நீண்ட வரிசையில் விடுபடுவதும் அதுதான்.

அரசு மையங்களில் 500 மி.கி. மாத்திரையில் கால் பாகம் என்று சொல்வதும் உண்டு. கையால் உடைத்தால் நான்கு துண்டும் ஒரே அளவில் வருவதில்லை. கால் மாத்திரை என்பது 125 மி.கி.; எடைக் கணக்கில் அது 8 கிலோவைத் தாண்டிய குழந்தைக்குப் பொருந்தும் அளவு. ஆகவே அன்று காலை தராசில் போட்ட எடையைச் சொல்லி, சொட்டு மருந்தாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது நல்லது. பாட்டிலோடு வரும் அளவுக் குழாயால் மட்டுமே அளக்க வேண்டும். வீட்டு ஸ்பூன்களில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

எது கூடவே கூடாது

பாராசிட்டமால் கேட்கப் போய் வேறு எதையாவது வாங்கிவருவது நம் ஊரில் சாதாரணம். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடியவை இவைதான் என்று இந்தியச் சட்டத்தில் தனிப் பட்டியல் இல்லை. இப்யூபுரோஃபனும் டைக்ளோஃபெனாக்கும் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய அட்டவணை எச் மருந்துகள். ஆனாலும் பெயர் சொன்னால் கிடைத்துவிடுகின்றன.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. 1963-இல் ஆஸ்திரேலிய நோயியல் நிபுணர் டக்ளஸ் ரெய் ஒரு விநோத நோயை விவரித்தார்: அம்மையோ ஃபுளூவோ வந்து தேறிவரும் குழந்தைக்குத் திடீரென ஈரலும் மூளையும் பாதிக்கும். பின்னால்தான் ஆஸ்பிரினோடு அதற்குள்ள தொடர்பு தெரிந்தது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆண்டுக்கு 500-ஐத் தாண்டிய ரெய் நோய், குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது நின்ற பிறகு அநேகமாக மறைந்தே போனது. சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வலுக்குறைந்த வைரஸ் என்பதால், அது போட்ட ஆறு வாரங்களுக்கு ஆஸ்பிரின் வகை மருந்துகள் கொடுக்க வேண்டாம் என்ற அறிவுரையும் இதிலிருந்து வந்ததே.

நிமசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011 பிப்ரவரியிலிருந்து தடை. ஈரலைப் பாதிக்கும் என்பதுதான் காரணம். பழைய மருந்துப் பெட்டிகளிலும், "அந்த மருந்து கொடுத்தா டக்குனு இறங்கிடும்" என்ற பேச்சிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்யூபுரோஃபனும் மெஃபனாமிக் அமிலமும் காய்ச்சலை இறக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கூடாது. பென்டாவேலன்டின் மூன்று தவணையும் அந்த வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊசி போட்டதால் வந்தது என்று நினைக்கும் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால், இந்த மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

சளி மருந்து கலந்த சிரப்பும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட, காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் அட்டைப்படி இருந்தவற்றில் பாராசிட்டமாலும் ஒன்று. அங்கே கொன்றது உள்ளே கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். அந்த விஷம் இல்லாத சிரப்பிலும் ஒரு கேடு உண்டு: காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், சளிக்கு ஒரு பாட்டில் என்று கொடுக்கும்போது பாராசிட்டமால் இரட்டிப்பாக உள்ளே போகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கும் இதே கண்ணிதான். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். 650 மாத்திரையில் அது ஆறு. ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் தினமும் மது குடிப்பவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. நடுவில் ஜலதோஷ மாத்திரை ஒன்று போட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் ரண ஜன்னி ஊசிக்குப் பின் கை வலித்தால் பாராசிட்டமால் எடுக்கலாம். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். இதயத்துக்காகத் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுக்கும் தாத்தா, ஊசிக்காக அதை நிறுத்தத் தேவையில்லை. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

ஏழாம் நாள் காய்ச்சல்

ஒன்பது மாதம் முடிந்து போடும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி வேறு ரகம். அன்று இரவு குழந்தை சிரித்து விளையாடும். காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்து, ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், சில சமயம் லேசான தடிப்போடு வரும். உயிருள்ள வலுக்குறைந்த வைரஸ் உடலில் பெருக அவ்வளவு நாள் ஆகிறது. எனவே ஊசி போட்ட அன்றே பாராசிட்டமால் கொடுப்பதில் எந்தப் பொருளும் இல்லை; ஏழாம் நாள் வரும் காய்ச்சலை யாரும் ஊசியோடு சேர்த்து நினைப்பதும் இல்லை.

காய்ச்சலில் வரும் வலிப்பை பாராசிட்டமால் தடுக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் என்று மூடிவைப்பது வெப்பத்தை ஏற்றத்தான் உதவும். மெல்லிய பருத்தித் துணி, அடிக்கடி தாய்ப்பால், அழுது துவண்டால் எடைக்கேற்ற ஒரு வேளை மருந்து. அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்திலேயே எழுதிவைத்தால், அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பா மறுபடி கொடுப்பது நடக்காது.

சில அறிகுறிகளுக்கு வீட்டில் மருந்து தேடக் கூடாது. மூன்று மணி நேரம் நிற்காமல் வீறிடுவது, வலிப்பு, குழந்தை வெளிறித் துவண்டு கூப்பிட்டால் அசையாமல் கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, தொடை வீக்கம் பரவிக்கொண்டே போவது, பென்டாவேலன்டுக்குப் பின் 48 மணி நேரம் தாண்டியும் விடாத காய்ச்சல். மூச்சுத் திணறலோ முகம் வீங்குவதோ பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். அதனால்தான் ஊசி போட்டதும் மையத்திலேயே உட்காரச் சொல்கிறார்கள். அவசரத்துக்கு 108, சந்தேகத்துக்கு 104. குழந்தை தேறிவிட்டாலும் நடந்ததை கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால்தான், அடுத்த தவணையில் அதே ஊசியைப் போடலாமா, கக்குவான் இருமல் பகுதி மாற்றப்பட்ட ஊசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும்.